பிரெஞ்சில் ‘வேணும்’ சொல்வது எப்படி: ஒழுங்கு வினைகளின் சுப்ஜோன்க்திஃப் நிகழ்காலம், முழுமையான வழிகாட்டி

“நீங்கள் சப்பாத்தைக் கழற்ற வேணும்.” “தம்பி படிவத்தை நிரப்ப வேணும்.” “நாங்கள் படகுக்குக் காத்திருக்க வேணும்.” திருகோணமலைக் கோணேசர் கோயில் வாசலிலும், பாரிசில் இருக்கும் அண்ணனுடன் கதைக்கும் தொலைபேசியிலும், நிலாவெளிக் கரையிலும் நாம் நாள்முழுக்கச் சொல்லும் வசனங்கள் இவை. இவற்றைப் பிரெஞ்சில் சொல்லப் போனால் முதல் வசனத்திலேயே சுப்ஜோன்க்திஃப், அதாவது தேவையையும் விருப்பத்தையும் சொல்லும் சொற்களுக்குப் பின் வினை எடுக்கும் தனி வடிவம், வந்து நிற்கும். மே முதல் செப்டெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விருந்தினர்களோடு வேலை செய்பவருக்கு அது தேவை. உயர்தரத்தில் பிரெஞ்சு எடுக்கும் பிள்ளைக்கும் தேவை. பிரான்ஸில் குடும்பத்தோடு சேரக் காத்திருப்பவருக்கு இன்னும் கூடுதலாகத் தேவை: 2026 ஜனவரி 1 முதல், பத்தாண்டு வதிவிட அட்டையை முதன்முறை கேட்பவரிடம் பி1 மட்டமும் குடியுரிமை கேட்பவரிடம் பி2 மட்டமும் எதிர்பார்க்கிறார்கள். டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழிச் சான்றிதழின் பி1 எழுத்துப் பரீட்சையில் குறைந்தது 160 சொற்களில் உங்கள் கருத்தை எழுதச் சொல்வார்கள். ‘இப்படிச் செய்ய வேணும்’ என்று ஒருமுறையாவது வராமல் யாரும் கருத்து எழுத முடியாது.

இந்த வழிகாட்டி ஒழுங்கு வினைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பிரெஞ்சு வினைகளில் மிகப் பெரும்பாலானவை ஒழுங்கு வினைகளே. அவற்றுக்கு ஒரே செய்முறைதான்.

எழுத்தையும் ஒலியையும் இங்கே எழுதும் முறை

பிரெஞ்சில் எழுதுவது ஒன்று, கேட்பது வேறு. ஆகவே இரண்டையும் பிரித்தே எழுதுகிறோம். ஒலியைத் தமிழ் எழுத்தில் தருகிறோம். எழுத்துக்கூட்டலை எழுத்துகளின் பெயராலே, நடுவில் கோடு போட்டுத் தருகிறோம்: ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச், ஐ, எல், என், ஓ, ஆர், எஸ், ரி, வி, வை, ஸெட். ‘ஈ-என்-ரி’ என்று கண்டால் உங்கள் கொப்பியில் அந்த மூன்று உரோம எழுத்துகளையும் எழுதுங்கள். கொப்பி இல்லாமல் இதை வாசித்தால் பாதிதான் மனதில் நிற்கும்.

ஒலியில் மூன்று விஷயம். பிரெஞ்சின் ரி, டி இரண்டும் பல்லில் நாக்குத் தொட்டுப் பிறப்பவை, நம் ‘த’ பிறக்கும் இடத்தில். ஆங்கிலப் பழக்கத்தில் ‘ட’ போட வேண்டாம். ‘யோன்’, ‘வான்’ என்று நாம் எழுதும் இடத்தில் கடைசி ‘ன்’ முழுதாக ஒலிக்காது. நாக்கு மேலே தொடாமல் காற்று மூக்கால் போகும். ‘கெ’ என்று நாம் எழுதும் சொல் தமிழ்க் ‘கெ’யை விடத் தளர்ந்தது, அரை விழுங்கியது போல.

தமிழர் சறுக்கும் இடம்

‘நான் கதைக்க வேணும், நீ கதைக்க வேணும், அவர்கள் கதைக்க வேணும்.’ ஆள் மாறினாலும் ‘கதைக்க’ மாறவில்லை. இந்தப் பழக்கத்தோடு பிரெஞ்சுக்குப் போகிறவர் ‘இல் ஃபோ கெ’ (வேணும்) என்று சொல்லிவிட்டு, அதன் பின்னால் அகராதியில் உள்ள வினையை அப்படியே வைப்பார். ஈ-ஆர் முடிவோடு ‘கதைக்க’ என்ற பொருளுள்ள ‘பார்லே’ வந்து உட்காரும். அது பிழை. ‘கெ’ வந்துவிட்டால் வினை ஆளுக்கு ஆள் வேறு முடிவு எடுக்க வேணும்.

தமிழில் இதற்குக் கிட்ட வரும் வடிவம் ‘வேணும்’ அல்ல, வியங்கோள். ‘வாழ்க’, ‘வரட்டும்’. நடந்ததைச் சொல்லாமல், நடக்க வேண்டியதை வேண்டிச் சொல்வது அது. 1782 ஆகஸ்டில் சுஃப்ரேனின் பிரெஞ்சுக் கப்பற்படை நம் திருகோணமலைத் துறைமுகத்தைப் பிடித்த காலத்தில் பிரான்ஸ் மன்னராட்சி நாடு. அக்காலப் பிரெஞ்சு முழக்கம் ‘வீவ் லெ ருவா’, மன்னர் வாழ்க. அந்த ‘வீவ்’ சுப்ஜோன்க்திஃப்தான். ‘வாழ்க’ என்பதை வியங்கோள் என்று பள்ளியில் படித்தவருக்கு இதன் உயிர் ஏற்கெனவே தெரியும். இனித் தெரிய வேண்டியது உடல் மட்டும்.

செய்முறை

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் ‘பார்லே’ வினையில் தொடங்கும். அது நல்ல தொடக்கம் அல்ல என்பது எங்கள் எண்ணம். அந்த வினையில் சாதாரண நிகழ்காலமும் சுப்ஜோன்க்திஃபும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரிவதால், என்ன செய்தோம் என்றே விளங்காது. ‘வாந்த்ர்’ வினையில் தொடங்குவோம். பொருள் ‘விற்க’. எழுத்து: வி-ஈ-என்-டி-ஆர்-ஈ.

முதலாம் படி. சாதாரண நிகழ்காலத்தில் ‘அவர்கள்’ வடிவத்தை எடுங்கள். ‘இல் வாந்த்’, அவர்கள் விற்கிறார்கள். எழுத்தில் வி-ஈ-என்-டி-ஈ-என்-ரி.

ஏன் ‘அவர்கள்’? ‘அவர் விற்கிறார்’ என்பது ‘இல் வான்’. எழுத்தில் டி இருக்கிறது, ஒலியில் இல்லை. அடிச்சொல்லின் கடைசி மெய் அங்கே ஒளிந்திருக்கிறது. ‘அவர்கள்’ வடிவத்தில்தான் அது வெளியே வந்து ‘வாந்த்’ என்று கேட்கும். சுப்ஜோன்க்திஃப் முழு அடிச்சொல்லைக் கேட்கிறது. அந்த முழு அடிச்சொல் கிடைப்பது இங்கேதான்.

இரண்டாம் படி. கடைசி ஈ-என்-ரியை வெட்டுங்கள். மிச்சம் வி-ஈ-என்-டி.

மூன்றாம் படி. ஆறு முடிவுகளில் ஆளுக்குரியதை ஒட்டுங்கள். அகராதி வடிவம் ஈ-ஆர், ஐ-ஆர், ஆர்-ஈ என்று முடியும் மூன்று வகை வினைக்கும் இந்த ஆறுதான்:

நான்: ஈ
நீ: ஈ-எஸ்
அவர், அவள், அது: ஈ
நாங்கள்: ஐ-ஓ-என்-எஸ்
நீங்கள்: ஐ-ஈ-ஸெட்
அவர்கள்: ஈ-என்-ரி

ஒலியோடு சேர்த்துச் சொல்லுங்கள்:

கெ ஜெ வாந்த்
கெ த்யு வாந்த்
கில் வாந்த்
கெ நூ வாந்தியோன்
கெ வூ வாந்தியே
கில் வாந்த்

ஆறில் நான்கு ஒரே ஒலி. ஈ, ஈ-எஸ், ஈ-என்-ரி மூன்றும் வாயில் வராத முடிவுகள். அவற்றின் வேலை முன்னால் இருக்கும் மெய்யை ஒலிக்க வைப்பது மட்டும். ஒலியில் மாறுவது நாங்கள், நீங்கள் இரண்டே.

‘கில்’ என்பது ‘கெ’யும் ‘இல்’லும் சேர்ந்தது. உயிரெழுத்துக்கு முன்னால் ‘கெ’ தன் ஈயை விட்டுவிடும், மேலே ஒரு சின்னக் காற்புள்ளி நிற்கும். ‘எல்’ (அவள்) வந்தால் ‘கெல்’, ‘ஓன்’ வந்தால் ‘கோன்’. நம் புணர்ச்சியில் உகரம் கெடுவது போன்றதுதான்.

ஐ-ஆர் வினைகள்

‘ஃபினிர்’, முடிக்க. அவர்கள் வடிவம் ‘இல் ஃபினிஸ்’: எஃப்-ஐ-என்-ஐ-எஸ்-எஸ்-ஈ-என்-ரி. வெட்டினால் எஃப்-ஐ-என்-ஐ-எஸ்-எஸ். இரண்டு எஸ்ஸும் அடிச்சொல்லோடு வருகின்றன, விட்டுவிட வேண்டாம்.

கெ ஜெ ஃபினிஸ், கெ த்யு ஃபினிஸ், கில் ஃபினிஸ், கெ நூ ஃபினிஸியோன், கெ வூ ஃபினிஸியே, கில் ஃபினிஸ்.

சாதாரண நிகழ்காலத்தில் ‘இல் ஃபினி’, சுப்ஜோன்க்திஃபில் ‘கில் ஃபினிஸ்’. அந்தக் கடைசி ‘ஸ்’ கேட்க வேணும். ‘ஷ்வாஸிர்’ (தெரிவு செய்ய), ‘ராம்ப்ளிர்’ (நிரப்ப), ‘ரெயுஸிர்’ (வெற்றி பெற) எல்லாம் இதே வரிசை.

ஐ-ஆரில் முடிந்தும் இந்த எஸ்-எஸ் எடுக்காத வினைகள் உண்டு. ‘பார்திர்’ (புறப்பட), ‘தோர்மிர்’ (உறங்க). இவற்றை இரண்டாம் வகையில் சேர்ப்பதில்லை. ஆனாலும் செய்முறை அப்படியே பொருந்தும்: ‘இல் பார்த்’ என்பதில் ஈ-என்-ரியை வெட்டி, ‘கெ ஜெ பார்த்’, ‘கெ நூ பார்தியோன்’. ஃபினிரைப் பார்த்து ‘பார்திஸ்’ என்று எழுதுவது அடிக்கடி வரும் பிழை. அகராதி வடிவத்தைப் பார்த்து ஊகிக்காமல் ‘அவர்கள்’ வடிவத்தைச் சொல்லிப் பார்த்தால் அந்தப் பிழை வராது. அந்தப் படியைத் தாண்டக் கூடாது என்று வற்புறுத்துவது இதனால்தான்.

ஈ-ஆர் வினைகள்: தெரியாமலே சரியாக வரும், தெரியாமலே பிழைக்கும்

‘பார்லே’, கதைக்க. அவர்கள் வடிவம் ‘இல் பார்ல்’. வெட்டினால் பி-ஏ-ஆர்-எல்.

கெ ஜெ பார்ல், கெ த்யு பார்ல், கில் பார்ல், கெ நூ பார்லியோன், கெ வூ பார்லியே, கில் பார்ல்.

சாதாரண நிகழ்காலத்தை அருகில் வைத்துப் பாருங்கள்: ஜெ பார்ல், த்யு பார்ல், இல் பார்ல், நூ பார்லோன், வூ பார்லே, இல் பார்ல். நான்கு வடிவங்கள் எழுத்திலும் ஒலியிலும் ஒன்றே. வித்தியாசம் நாங்கள், நீங்கள் இரண்டில் வரும் ஒரு ஐ மட்டும். ஒருமையில் கதைக்கும்வரை உங்களுக்குச் சுப்ஜோன்க்திஃப் தெரியுமா தெரியாதா என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாது.

பிரச்சினை ‘நீங்கள்’ வரும்போது. நம் ஊரில் பிரெஞ்சு கதைக்கும் சந்தர்ப்பம் பெரும்பாலும் விருந்தினரோடு, அங்கே எப்போதும் ‘வூ’தான். முன்பின் தெரியாதவரை ‘த்யு’ என்றால், வயதில் மூத்தவரை ‘நீ’ என்றது போலாகிவிடும். ஆகவே பாடப்புத்தகத்தில் ஆறில் ஒன்றாக இருக்கும் ‘வூ’ வடிவம் நம் வாயில் பத்தில் எட்டு முறையாவது வரும். ‘இல் ஃபோ கெ வூ பார்லே’ என்றால் பிழை. ‘இல் ஃபோ கெ வூ பார்லியே’ என்றால் சரி. வூ வடிவத்தை முதலில் மனனம் செய்யுங்கள், மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம்.

ஏற்கெனவே அம்பர்ஃபே என்ற கடந்தகால வடிவத்தைப் படித்தவருக்கு ஒரு நல்ல செய்தி. ‘நூ பார்லியோன்’, ‘வூ பார்லியே’ இரண்டும் அதில் உள்ளவையே. ஃபினிருக்கும் வாந்த்ருக்கும் அப்படித்தான். அந்த இரண்டு வடிவத்தையும் அங்கிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

அந்த ஒரு ஐ செய்யும் வேலைகள்

ஒழுங்கு வினை என்று நம்பி எழுதும்போது பரீட்சையில் புள்ளி போவது பெரும்பாலும் இங்கே. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஜி-ஈ-ஆரில் முடியும் வினைகள்: ‘ஷாஞ்ஜே’ (மாற), ‘மாஞ்ஜே’ (உண்ண). சாதாரண நிகழ்காலத்தில் ‘நூ ஷாஞ்ஜோன்’ என்பதில் ஜிக்கும் ஓவுக்கும் நடுவே ஒரு ஈ எழுதுவோம். ஓவுக்கு முன்னால் ஜி தனியே நின்றால் ‘க’ போல வன்மையாக ஒலித்துவிடும், அந்த ஈ அதைத் தடுக்கிறது. சுப்ஜோன்க்திஃபில் ஜிக்கு அடுத்து ஐ வருகிறது. ஐக்கு முன்னால் ஜி தானாகவே மெதுவாக ஒலிக்கும், ஈ தேவையில்லை. திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்கு ரயிலில் போகக் கேட்பவரிடம் ‘நீங்கள் கல்ஓயாவில் மாற வேணும்’ என்று சொல்வது ‘இல் ஃபோ கெ வூ ஷாஞ்ஜியே ஆ கல்ஓயா’. எழுத்து: சி-எச்-ஏ-என்-ஜி-ஐ-ஈ-ஸெட்.

சி-ஈ-ஆரில் முடியும் ‘கொமான்ஸே’ (தொடங்க) போன்றவையும் இதே கதை. ‘நூ கொமான்ஸோன்’ என்று எழுதும்போது சிக்குக் கீழே வால் போடுவோம். ‘கெ நூ கொமான்ஸியோன்’ என்பதில் வால் இல்லை.

அடிச்சொல்லே ஐயில் முடிந்தால் இரண்டு ஐ அடுத்தடுத்து வரும். ‘எத்யுதியே’, படிக்க. அவர்கள் வடிவத்தில் ஈ-என்-ரியை வெட்டியதும் கடைசியில் ஐ நிற்கிறது. அதோடு ஐ-ஓ-என்-எஸ் ஒட்டினால் ஐ-ஐ-ஓ-என்-எஸ். எழுத்துப் பிழை போலத் தோன்றும், ஆனால் அதுவே சரி. ‘ஊப்லியே’ (மறக்க) அப்படித்தான். தாளைத் திரும்ப வாசிக்கும்போது ஒன்றை வெட்டிவிடாதீர்கள்.

வையில் முடியும் அடிச்சொல்: ‘பேயே’, காசு கட்ட. ‘கெ வூ பேய்யியே’, எழுத்து பி-ஏ-வை-ஐ-ஈ-ஸெட். வையும் ஐயும் இரண்டும் வேணும். ஐயை விட்டால் அது சாதாரண நிகழ்காலம். புறாத்தீவுக்குப் போகும் முன் ரிக்கெற் காசு கட்டச் சொல்லும் வசனத்தில் தினமும் வரக்கூடிய சொல் இது.

உயிர் மாறும் வினைகள். ‘ஆன்ல்வே’ (கழற்ற), ‘அஷ்தே’ (வாங்க), ‘அப்லே’ (கூப்பிட). இங்கே ‘அவர்கள்’ வடிவத்தை மட்டும் நம்பினால் ஏமாந்து போவீர்கள். ‘இல் அஷெத்’ என்பதில் நடு ஈக்கு மேலே இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்கும் கோடு உண்டு. அந்தக் கோட்டோடு ‘நாங்கள்’ வடிவம் எழுதினால் பிழை. சரியான வடிவம் ‘கெ நூ அஷ்தியோன்’, கோடு இல்லை, உயிரும் ஏறக்குறைய இல்லை. காரணம் ஒலியிலேயே இருக்கிறது. முடிவு ஒலிக்காதபோது சொல்லின் பாரம் அடிச்சொல்லின் கடைசி உயிரில் விழுகிறது. அதனால் அது ‘எ’ என்று வாய்திறந்து ஒலிக்கும். முடிவு ‘யோன்’, ‘யே’ என்று ஒலிக்கும்போது பாரம் அங்கே போய்விடுகிறது, நடு உயிர் மெலிகிறது. ‘அப்லே’யில் இதே வேலையைக் கோட்டுக்குப் பதில் இரட்டை எல் செய்கிறது: ‘கெ ஜப்பெல்’லில் இரண்டு எல், ‘கெ நூஸப்லியோன்’னில் ஒன்று.

ஆகவே செய்முறையை ஒரு படி திருத்திக்கொள்வது நல்லது. நான், நீ, அவர், அவர்கள் நான்குக்கும் அடிச்சொல்லை ‘அவர்கள்’ வடிவத்திலிருந்து எடுங்கள். நாங்கள், நீங்கள் இரண்டுக்கும் சாதாரண நிகழ்காலத்து ‘நாங்கள்’ வடிவத்தில் ஓ-என்-எஸ்ஸை வெட்டி எடுங்கள் (ஷாஞ்ஜேயில் அந்த ஈயும் கொமான்ஸேயில் அந்த வாலும், மேலே சொன்னபடி, கூடவே போய்விடும்). வாந்த்ர், ஃபினிர், பார்லே மூன்றிலும் இரு வழியும் ஒரே இடத்துக்கே போகும். அஷ்தே போன்றவற்றில்தான் பிரியும். இந்தப் பழக்கம் பின்னால் ‘வெனிர்’ (வர), ‘ப்ரான்த்ர்’ (எடுக்க) என்ற ஒழுங்கற்ற வினைகளுக்கும் அப்படியே கைகொடுக்கும்.

காது எங்கே பிரித்தறியும்

ஆர்-ஈ வினைகளிலும் ஐ-ஆர் வினைகளிலும் ஒருமையில் கடைசி மெய் கேட்டால் சுப்ஜோன்க்திஃப், கேட்காவிட்டால் சாதாரண நிகழ்காலம். சோடி சோடியாகச் சொல்லிப் பழகுங்கள்:

இல் அத்தான், கிலத்தாந்த் (காத்திருக்க)
இல் ரெபோன், கில் ரெபோந்த் (பதில் சொல்ல)
இல் பெர், கில் பெர்த் (தொலைக்க)
இல் ராம்ப்ளி, கில் ராம்ப்ளிஸ் (நிரப்ப)

ஒருமையா பன்மையா என்று காது அறிய ஒரே வழி, உயிரில் தொடங்கும் வினைகளில் வரும் ஒட்டொலி. ‘கிலத்தாந்த்’ என்றால் அவர் ஒருவர். ‘கில்ஸத்தாந்த்’ என்று நடுவில் ஸெட் ஒலி வந்தால் பலர். மெய்யில் தொடங்கும் வினையில் அந்த உதவி இல்லை. ‘கில் வாந்த்’ ஒருவரா பலரா என்பது பேச்சின் போக்கில்தான் விளங்கும்.

எழுதியதை எழுதியபடி வாசிப்பது தமிழரின் பழக்கம், தமிழில் அது சரி. அந்தப் பழக்கத்தில் ஈ-என்-ரியைக் கண்டதும் ‘பார்லென்ற்’ என்று வாய் போய்விடும். கேட்பவருக்கு அது என்ன சொல் என்றே பிடிபடாது. முதல் இரண்டு வாரம் கொப்பியில் ஒலிக்காத முடிவுகளைப் பென்சிலால் மெல்லியதாக எழுதுங்கள். கண் அவற்றைத் தாண்டப் பழகும்.

அன்றாடப் பேச்சில் பிரெஞ்சுக்காரர் ‘நூ’வுக்குப் பதில் ‘ஓன்’ சொல்வது மிக அதிகம். ‘ஓன்’ பொருளில் ‘நாங்கள்’, வடிவத்தில் ‘அவர்’. ‘இல் ஃபோ கோனத்தாந்த்’: நாங்கள் காத்திருக்க வேணும். ‘யோன்’ முடிவு நாக்கில் வரச் சுணங்கும் காலத்தில் இது நேர்மையான வழிதான், வழுவும் அல்ல. பரீட்சைக் கட்டுரையில் மட்டும் ‘நூ’ எழுதுங்கள்.

எப்போது எடுக்கும், எப்போது எடுக்காது

பட்டியல்கள் நீளமானவை. தொடக்கத்தில் இவை போதும்: இல் ஃபோ கெ (வேணும்), ஜெ வெ கெ (நான் விரும்புகிறேன்), ஜெ ஸ்வெத் கெ (வாழ்த்தி விரும்புகிறேன்), பூர் கெ (செய்வதற்காக), அவான் கெ (செய்ய முன்னம்), பியான் கெ (செய்தாலும்).

‘ஜெ வெ’ விஷயத்தில் தமிழே வழி காட்டுகிறது. ‘நான் கதைக்க விரும்புறன்’: இரண்டு செயலுக்கும் ஆள் ஒருவர், ‘கதைக்க’ நேரே வருகிறது. பிரெஞ்சிலும் அகராதி வடிவம் நேரே வரும், ‘ஜெ வெ பார்லே’, ‘கெ’ இல்லை. ‘நீ கதைக்க வேணும் எண்டு விரும்புறன்’: ஆள் இரண்டு, தமிழில் ‘எண்டு’ வந்துவிட்டது. பிரெஞ்சில் ‘கெ’ வரும், சுப்ஜோன்க்திஃப் வரும்: ‘ஜெ வெ கெ த்யு பார்ல்’. தமிழில் சொல்லிப் பார்த்து ‘எண்டு’ கேட்டால் ‘கெ’ போடுங்கள். ‘இல் ஃபோ’வுக்கு மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது. அங்கே ஆளைச் சொன்னாலே ‘கெ’ வேணும்.

‘ஜெஸ்பெர் கெ’, எதிர்பார்க்கிறேன். இதுவும் விருப்பம்தானே என்று பலர் சுப்ஜோன்க்திஃப் போடுவார்கள். போடக் கூடாது, சாதாரண வடிவமே வரும். ‘ஜெ பான்ஸ் கெ’ (நினைக்கிறேன்), ‘பார்ஸ் கெ’ (ஏனென்றால்) இவற்றுக்கும் சாதாரண வடிவமே. ‘கெ’ என்ற ஒலி மட்டும் காரணமாகாது. முன்னால் நிற்கும் சொல்தான் தீர்மானிக்கிறது.

காலம் பற்றி ஒன்று. ‘நாளைக்கு’ என்றாலும் இந்த வடிவமே, எதிர்காலத்துக்குத் தனி வடிவம் கிடையாது. ‘இல் ஃபாலே கெ’ (செய்ய வேண்டியிருந்தது) என்று முன்பாதி கடந்தகாலத்துக்குப் போனாலும், இன்றைய பேச்சில் பின்பாதி இதே நிகழ்கால வடிவம்தான்.

மறுப்புக்கு வினையின் முன்னால் ‘ந’, பின்னால் ‘பா’. முருகைக்கற்களைத் தொட வேண்டாம் என்று சொல்ல, ‘இல் ஃபோ கெ வூ ந தூஷியே பா லே கொரோ’. இன்னும் இயல்பாக, மறுப்பை முன்னால் வைத்து ‘இல் ந ஃபோ பா கெ வூ தூஷியே லே கொரோ’.

பழகும் முறை

முதல் மூன்று நாள் ‘வூ’ வடிவம் மட்டும், இருபது வினை, வாயால். அடுத்த மூன்று நாள் மேலே உள்ள சோடிகளை, கடைசி மெய் கேட்கும்படி. ஏழாம் நாள் எழுத்து: ஷாஞ்ஜே, எத்யுதியே, பேயே, அஷ்தே நான்கையும் ஆறு ஆளிலும் பார்க்காமல் எழுதித் திருத்துங்கள். ஒவ்வொரு பிழையின் பக்கத்திலும் ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். ‘ஜிக்குப் பின் ஐ வந்ததால் ஈ தேவையில்லை’ என்று கையால் எழுதியவர் அந்தப் பிழையைத் திரும்ப விடுவது அரிது.

பிறகு இவற்றை மொழிபெயர்த்துப் பாருங்கள். விடையைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சப்பாத்தைக் கழற்ற வேணும். இல் ஃபோ கெ வூஸான்ல்வியே வோ ஷோஸியூர். நடு ஈக்கு மேலே கோடு இல்லை.

நாங்கள் படகுக்குக் காத்திருக்க வேணும். இல் ஃபோ கெ நூஸத்தாந்தியோன் லெ பத்தோ.

தம்பி படிவத்தை நிரப்ப வேணும். இல் ஃபோ கெ மோன் ஃப்ரேர் ராம்ப்ளிஸ் லெ ஃபோர்ம்யுலேர். எழுவாய் பெயராக வந்தாலும் ‘அவர்’ முடிவே, ஈ மட்டும்.

நீ ஆறுதலாகக் கதைக்க வேணும். இல் ஃபோ கெ த்யு பார்ல் லான்த்மான். ஒலியில் இல்லாத எஸ்ஸை எழுத்தில் விட்டீர்களா என்று பாருங்கள்.

கன்னியாவில் அவர்கள் வாளியை நிரப்ப வேணும். ஆ கன்னியா, இல் ஃபோ கில் ராம்ப்ளிஸ் லெ சோ. தம்பியின் வசனத்தில் வந்த அதே ‘ராம்ப்ளிஸ்’, இங்கே முடிவு ஈ-என்-ரி.

வழிகாட்டி பதில் சொல்லும்வரை காத்திருக்கிறேன். ஜத்தான் கெ லெ கீத் ரெபோந்த். ‘காத்திரு’ என்ற வினையும் ‘கெ’ வந்தால் சுப்ஜோன்க்திஃப் கேட்கும். முன்பாதியின் ‘அத்தான்’ சாதாரண நிகழ்காலம், அதன் டி ஒலிக்காது. பின்பாதியின் ‘ரெபோந்த்’ சுப்ஜோன்க்திஃப், அதன் டி ஒலிக்கும். இந்த ஒரு வசனத்தில் இரண்டையும் பிரித்துச் சொல்ல வரும்வரை சத்தமாகச் சொல்லுங்கள்.